அம்புக்குறிக்கு இடப்பக்கம் விடுபட்ட நீர்

வேதியியல் பாடத்தில் இரண்டு சமன்பாடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதப்பட்டிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் ஓர் உறுத்தல் எழும். முதல் வரியில் சோடியம் குளோரைடு, அதாவது சாதாரண உப்பு, ஓர் அம்புக்குறி, அதற்கு வலப்பக்கம் சோடியம் அயனியும் குளோரைடு அயனியும் (அயனி என்றால் மின்சுமை பெற்ற அணு). இரண்டாம் வரியில் ஹைட்ரஜன் குளோரைடு, அதே அம்புக்குறி, வலப்பக்கம் ஹைட்ரஜன் அயனியும் குளோரைடு அயனியும். பார்வைக்கு இரண்டிற்கும் வேறுபாடே இல்லை. மனப்பாடம் செய்யவும் வசதியாக இருக்கிறது. ஆனால் அந்த இரண்டு வரிகளும் குறிக்கும் நிகழ்ச்சிகள் ஒன்றல்ல. முதலாவதில், ஏற்கெனவே இருக்கும் அயனிகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போகின்றன. இரண்டாவதில், அதுவரை இல்லாத அயனிகள் புதிதாக உண்டாகின்றன. இல்லாததை உண்டாக்கியது எது என்ற கேள்விக்கு அந்த வரியில் விடை இல்லை. விடையாக இருக்க வேண்டிய நீர், அம்புக்குறியின் தலைக்குமேல் சிறிய எழுத்தில் ஒதுங்கி நிற்கிறது. பல சமயங்களில் அங்கேயும் அதைக் காண முடிவதில்லை.

இதைச் சக ஆசிரியர்களிடம் சொன்னால், "பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இது போதும் சார், மேலே படிக்கும்போது தெரிந்துகொள்வார்கள்" என்பார்கள். அதில் நியாயம் இல்லாமலில்லை. பள்ளிப் பாடம் என்றாலே ஓரளவு சுருக்கிச் சொல்வதுதான். ஆயினும் சுருக்கிச் சொல்வது வேறு, மாற்றிச் சொல்வது வேறு. மேலே படித்துவிட்டு வந்தவர்களிலும் பலர், ஹைட்ரஜன் குளோரைடு மூலக்கூறுக்குள் ஹைட்ரஜன் அயனி ஒன்று முன்கூட்டியே உட்கார்ந்திருப்பதாகவும், நீரின் வேலை அதை வெளியே விடுவது மட்டுமே என்றும் நம்பிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அமிலம் புரோட்டானை, அதாவது அந்த ஹைட்ரஜன் அயனியை, "தருகிறது" என்று நாம் திரும்பத் திரும்பச் சொல்வதன் விளைவு இது. யாரும் கேட்காமல் எந்த அமிலமும் புரோட்டானைத் தருவதில்லை என்பதே என் கட்சி.

சமன்பாட்டின் வயது

இந்தக் குழப்பத்திற்குப் பாடநூல் எழுதியவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. அது அந்தச் சமன்பாட்டோடு கூடவே பிறந்தது. சுவாந்தே அரீனியஸ் 1884ஆம் ஆண்டு உப்சாலா பல்கலைக்கழகத்தில் தம் ஆய்வேட்டை அளித்ததும், அதற்குத் தாழ்ந்த தரமே கிடைத்ததும், பின்னர் 1903இல் அவர் நோபல் பரிசு பெற்றதும் எல்லோரும் அறிந்த கதை. அதில் பரிசைவிட எனக்குச் சுவையாகப் படுவது காலக்கணக்கு. நீரில் கரைந்த பொருள்கள் மின்சாரம் பாய்வதற்கு முன்பே அயனிகளாகப் பிரிந்திருக்கின்றன என்பதை அவர் தெளிவாக எழுதிய ஆண்டு 1887. எலக்ட்ரானைப் பற்றி ஜே. ஜே. தாம்சன் அறிவித்தது 1897இல். உப்புப் படிகத்திற்குள் அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதை எக்ஸ் கதிர்களைக் கொண்டு பிராக் தந்தையும் மகனும் கண்டறிந்தது 1913இல். ஹைட்ரஜன் அணுக்கருவுக்கு ரூதர்ஃபோர்டு புரோட்டான் என்று பெயரிட்டது 1920இல். அதாவது நாம் இன்று புரோட்டான், எலக்ட்ரான் என்று விளக்கம் சொல்லிக்கொண்டே எழுதும் அந்தச் சமன்பாடு, அந்த விளக்கத்தில் வரும் எல்லாவற்றையும்விட மூத்தது.

அரீனியஸ் கையில் இருந்தவை அளவீடுகள் மட்டுமே: கரைசலின் மின்கடத்துத்திறன், உறைநிலை எவ்வளவு தாழ்கிறது என்பன போன்றவை. உப்பைக் கரைத்தாலும் ஹைட்ரஜன் குளோரைடைக் கரைத்தாலும், சர்க்கரையை அதே மோல் அளவில் (அதாவது அதே எண்ணிக்கையில்) கரைத்தால் தாழ்வதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு உறைநிலை தாழ்ந்தது. ஒரு மூலக்கூறுக்கு இரண்டு துகள்கள் என்பதே அதன் பொருள். கரைந்த பிறகு என்ன இருக்கிறது என்பதையே அந்த அளவீடுகள் சொல்லும். கரைவதற்கு முன்பு என்ன இருந்தது என்பதைச் சொல்ல அவற்றால் முடியாது. எனவே அவர் இரண்டிற்கும் ஒரே அம்புக்குறியைப் போட்டார். அன்றைக்கு அதுவே நேர்மை. நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் நாம் அதையே போட்டுக்கொண்டிருப்பதுதான் சோம்பல்.

உப்புக்கு வந்த பரிதாபம்

உப்புப் படிகத்தில் சோடியம் குளோரைடு என்று தனித்த மூலக்கூறு ஒன்றுகூடக் கிடையாது. ஒவ்வொரு சோடியம் அயனியையும் ஆறு குளோரைடு அயனிகளும், ஒவ்வொரு குளோரைடு அயனியையும் ஆறு சோடியம் அயனிகளும் சூழ்ந்திருக்கின்றன. இது இன்னாருக்கு உரியது என்று எந்த ஒன்றையும் சுட்ட முடியாது. பிராக் இதைச் சொன்னபோது மூத்த வேதியியலாளர்கள் சிலருக்கு அது பொறுக்கவில்லை. எண்பதை நெருங்கிக்கொண்டிருந்த ஹென்றி ஆம்ஸ்ட்ராங், 1927இல் 'நேச்சர்' இதழுக்கு எழுதிய கடிதத்திற்குத் தலைப்பே 'பாவம், சாதாரண உப்பு' என்பதாக இருந்தது. மூலக்கூறே இல்லாமல் சதுரங்கக் கட்டம்போல் அணுக்கள் மாறி மாறி நிற்கின்றன என்பது அறிவுக்கு ஒவ்வாதது என்று அதில் பொரிந்து தள்ளினார். அவரைப் பார்த்து நாம் சிரிக்கத் தேவையில்லை. பொருள் என்றால் மூலக்கூறு என்ற பழக்கத்திலிருந்து விடுபடுவது அவ்வளவு கடினம். நம் மாணவர்களுக்கும் அதுதான் கடினமாக இருக்கிறது.

உப்பில் அயனிகள் ஏற்கெனவே இருக்கின்றன என்பதற்கு நீரே இல்லாத ஒரு சான்றும் உண்டு. உப்பை 801 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கி உருக்கினால், ஒரு சொட்டு நீரும் கலக்காமலேயே அது மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். ஹைட்ரஜன் குளோரைடையோ மைனஸ் 85 டிகிரிக்குக் கீழே குளிர்வித்துத் திரவமாக்கினாலும் அது கடத்துவதில்லை என்றே சொல்லிவிடலாம். உப்பு உருகும்போது அயனிகளுக்கு நடமாட்டம் கிடைக்கிறது. ஹைட்ரஜன் குளோரைடு திரவமாகும்போது நடமாட அங்கே அயனிகளே இல்லை; ஹைட்ரஜனும் குளோரினும் ஓர் இணை எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொண்டு நிற்கும் மூலக்கூறுகள்தான் இருக்கின்றன.

எலக்ட்ரான் இல்லாத ஓர் அயனி

நான் எடுத்த பாடத்தில் இந்த இடத்தில்தான் ஒரு மாணவி எழுந்து, "சார், தண்ணியில போடறதுக்கு முன்னாடி அந்த ஹைட்ரஜன் அயனி எங்க இருந்துச்சு?" என்று கேட்டாள். "எங்கேயும் இல்லைம்மா" என்பதுதான் நேரான விடை. அதை அப்படியே சொன்னேன். அவள் முகத்தில் நிறைவு தெரியவில்லை. தெரிந்திருந்தால்தான் நான் வியந்திருப்பேன். எங்கேயும் இல்லாத ஒன்று எப்படி வந்தது என்பதற்கு வெறும் மறுப்பு விடையாகாது அல்லவா?

மற்ற நேர்மின் அயனிகளோடு சேர்த்து நாம் ஹைட்ரஜன் அயனியையும் அதே பட்டியலில் எழுதிவிடுகிறோம். ஆனால் சோடியம் அயனி ஓர் எலக்ட்ரானை இழந்த பிறகும் பத்து எலக்ட்ரான்களைப் போர்த்திக்கொண்டிருக்கிறது. ஹைட்ரஜனுக்கு இருந்ததே ஒன்று. அதையும் இழந்தபின் மிஞ்சுவது அணுக்கரு மட்டும். அதன் ஆரம் 0.84 ஃபெம்டோமீட்டர். அந்தப் புரோட்டானை ஒரு கடுகு என்று வைத்துக்கொண்டால், ஹைட்ரஜன் அணுவின் எல்லை அதிலிருந்து 60 மீட்டருக்கும் அப்பால் இருக்கும். அவ்வளவு சிறிய இடத்தில் ஒரு முழு நேர்மின்சுமை குவிந்திருந்தால், பக்கத்தில் எலக்ட்ரான் இணை வைத்திருக்கும் எதையும் அது விட்டுவைக்காது. எனவே திரவத்திற்குள் தனிப் புரோட்டான் என்ற ஒன்று நடமாடுவதில்லை. ஒன்றன்மீதிருந்து இன்னொன்றின்மீது தாவுவதே அதனால் முடியும்.

இதற்கு ஆகும் ஆற்றலைக் கணக்குப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஒரு மோல் ஹைட்ரஜன் குளோரைடின் பிணைப்பை முறித்து இரண்டு அணுக்களாக்க 431 கிலோஜூல் வேண்டும். ஹைட்ரஜன் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்க 1,312 கிலோஜூல். அந்த எலக்ட்ரானைக் குளோரின் ஏற்றுக்கொள்ளும்போது 349 கிலோஜூல் திரும்பக் கிடைக்கும். கூட்டிக் கழித்தால் ஏறத்தாழ 1,395 கிலோஜூல் செலவு. வெற்றிடத்தில் இருக்கும் மூலக்கூறுக்கு இவ்வளவு ஆற்றலை யாரும் தரப்போவதில்லை. ஆகவே அது பிரிவதும் இல்லை. இப்போது நீரை உள்ளே விடுவோம். புரோட்டானை நீர் பற்றிச் சூழ்ந்துகொள்ளும்போது வெளிப்படுவது சுமார் 1,150 கிலோஜூல். குளோரைடு அயனியைச் சூழும்போது சுமார் 320 கிலோஜூல். செலவு முழுவதையும் அடைத்துவிட்டு 75 கிலோஜூல் மிஞ்சுகிறது. இந்த வாயுவை நீரில் கரைக்கும்போது குடுவை சூடாவது அந்த மிச்சத்தால்தான். உப்பைக் கரைத்துப் பார்த்தால் குடுவையில் வேறுபாடே தெரியாது. ஒரு மோலுக்கு ஏறத்தாழ 4 கிலோஜூல் உள்ளே இழுக்கப்படுகிறது, அவ்வளவுதான். ஒரே அம்புக்குறி போடப்பட்ட இரண்டு வரிகளுக்கு இடையில் இருக்கும் வேறுபாட்டைக் கையால் தொட்டே அறிய முடியும் என்பதை நாம் ஏன் சொல்லித் தருவதில்லை?

ஐப்பசி மாதத்து லிட்மஸ் தாள்

கணக்கு அந்த மாணவியை அசைக்கவில்லை. அவளை அசைத்தது ஒரு பழைய செய்முறை, என்னையும்தான். பத்தாம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. அறிவியல் நூலில் உள்ள அந்தச் சோதனை பலருக்கும் நினைவிருக்கும். உலர்ந்த சோதனைக் குழாயில் சிறிது உப்பை இட்டு, அதன்மேல் அடர் கந்தக அமிலத்தைச் சொட்டு சொட்டாக விட்டால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிப்படும். அதில் முதலில் உலர்ந்த நீல லிட்மஸ் தாளையும், பிறகு நனைத்த தாளையும் காட்ட வேண்டும். காற்றில் ஈரப்பதம் மிகுந்த ஊராக இருந்தால், வாயுவைக் கால்சியம் குளோரைடு நிரப்பிய குழாயின் வழியே செலுத்தி உலர்த்திக்கொள்ள வேண்டும் என்ற குறிப்பும் அந்நூலில் உண்டு. எங்கள் ஊர் கடலோரம். அதுவும் அடைமழை பிடித்திருந்த ஐப்பசி மாதம். சுவரில் கை வைத்தால் ஈரம் ஒட்டும். அந்தக் குறிப்பு எங்களுக்காகவே எழுதப்பட்டதுபோல் இருந்தது.

ஆய்வகச் சன்னலைத் திறந்து வைத்துவிட்டு, மாணவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிச் செய்துகாட்டினேன். உலர்த்தும் குழாயின் வாயருகே, இடுக்கியால் பிடித்த உலர்ந்த தாளைக் காட்டியபோது அது நீலமாகவே இருந்தது. நனைத்த தாளைக் காட்டியதும், காட்டிய கணத்திலேயே சிவந்தது. பாடநூலுக்கு அதுவே போதும். நானும் அங்கேயே முடித்துக்கொள்வதாகத்தான் இருந்தேன். ஆனால் முதல் தாளைக் குழாய்க்குப் பக்கத்திலேயே மேசைமேல் வைத்திருந்தோம். பேசிக்கொண்டிருக்கும்போதே அதன் ஓரத்தில் இளஞ்சிவப்பு ஏறத் தொடங்கிவிட்டது. தாள் முழுவதும் ஒரே சீராக ஏறவில்லை. இடுக்கியை எடுக்கும் முன் ஒரு மாணவன் விரலால் பிடித்திருந்த மூலையில்தான் முதலில் ஏறியது. விரலின் வியர்வை அந்த வாயுவுக்குப் போதுமான நீராக இருந்திருக்கிறது.

கேள்வி கேட்ட மாணவி அப்போது தாளைப் பார்க்கவில்லை. "சார், குழாய்க்குள்ள ஒண்ணுமே தெரியல. வெளியில வந்த பிறகுதான் வெள்ளையா புகையுது" என்றாள். அந்தச் செய்முறையை எத்தனையோ வகுப்புகளுக்குச் செய்துகாட்டியிருக்கிறேன். அந்தப் புகையை, வாயு வருகிறது என்பதற்கான அடையாளமாகவே எல்லோரும் எடுத்துக்கொண்டு கடந்து போவோம். அவள் சொன்னது சரி. ஹைட்ரஜன் குளோரைடு நிறமற்றது. கண்ணாடிக்குள் அது இருந்ததும் கண்ணுக்குத் தெரியாததும் அதனால்தான். வெளியே நாம் கண்ட வெண்புகை வாயு அன்று. காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அந்த வாயு உண்டாக்கிய மிக நுண்ணிய துளிகள் அவை. ஒவ்வொரு துளியும் ஹைட்ரோகுளோரிக் அமிலம். குழாய்க்குள் இருந்தவை மூலக்கூறுகள், வெளியே மிதந்தவை அயனிகள் கொண்ட துளிகள். கரும்பலகையில் ஓர் அம்புக்குறியாக இருந்தது, குழாயின் வாயில் ஓர் எல்லையாகக் கண்ணெதிரே நின்றது. அந்தக் குழாய்க்கு அப்பால் நிகழ்ந்தது எதுவோ அதுவே அவள் கேள்விக்கு விடை: அயனி அங்கேதான், அப்போதுதான் உண்டானது.

எத்தனை நீர் மூலக்கூறுகள்?

அன்றுமுதல் நான் இரண்டாவது சமன்பாட்டில் இடப்பக்கத்தில் நீரையும் எழுதி, வலப்பக்கத்தில் ஹைட்ரோனியம் அயனி (புரோட்டானைப் பற்றிக்கொண்ட நீர் மூலக்கூறு) என்று எழுதுகிறேன். 1923ஆம் ஆண்டிலேயே பிரான்ஸ்டெட்டும் லௌரியும் தனித்தனியே சொன்ன வழிதான் இது: அமிலம் புரோட்டானை இழப்பதென்றால், ஏற்றுக்கொள்ள ஒரு காரம் அருகில் இருந்தாக வேண்டும். ஆனால் எழுதிய கையோடு அதிலும் ஒரு குறை எட்டிப் பார்க்கிறது. ஒரே ஒரு நீர் மூலக்கூறு ஒரு புரோட்டானைப் பற்றும்போது வெளிப்படும் ஆற்றல் 691 கிலோஜூல்தான். குளோரைடிடமிருந்து அதைப் பிரிக்க 1,395 வேண்டும். தனியொரு நீர் மூலக்கூறு, தனியொரு ஹைட்ரஜன் குளோரைடு மூலக்கூறை எதிர்கொண்டால் தோற்றுத்தான் போகும். சமன்பாட்டில் ஒன்றுக்கு ஒன்று என்று எழுதுவது அணுக்களின் எண்ணிக்கையைச் சரிக்கட்டுகிறதே தவிர, நடந்ததைச் சொல்வதில்லை.

அப்படியானால் எத்தனை நீர் மூலக்கூறுகள் வேண்டும்? இதை நேரடியாகவே கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஜெர்மனியின் போகும் நகரத்து ஆய்வாளர்கள், ஹீலியம் நுண்துளிகளுக்குள் ஒரு ஹைட்ரஜன் குளோரைடு மூலக்கூறையும் நீர் மூலக்கூறுகளையும் ஒவ்வொன்றாகச் சேர்த்து, தனிச்சுழிக்கு (ஏறத்தாழ மைனஸ் 273 டிகிரி செல்சியஸ்) ஒரு டிகிரிகூட மேலில்லாத குளிரில் ஆராய்ந்து, 2009இல் முடிவை வெளியிட்டார்கள். நான்காவது நீர் மூலக்கூறு சேரும்போது புரோட்டான் குளோரினைவிட்டு விலகிவிடுகிறது என்பது அவர்கள் கண்டது. ஆகச் சிறிய அமிலத் துளி என்பது அவர்கள் அதற்கு இட்ட பெயர். அவ்வளவு குளிரிலும் பிரிவு நிகழ்கிறது என்றால், அதைச் செய்வது வெப்பம் அல்ல, கூடிநிற்கும் நீரின் பிடிப்புதான் என்பது தெளிவாகிறது.

இதே பிடிப்பு குறைந்தால் என்ன ஆகும் என்பதை ஆய்வகத்திலேயே பார்க்கலாம். கிளேசியல் அசிட்டிக் அமிலம் என்ற ஒட்டுச்சீட்டுடன் வரும் புட்டியில் கிட்டத்தட்ட முழுவதுமே அமிலம்தான். (16.6 டிகிரிக்குக் கீழே பனிக்கட்டிபோல் உறைவதால் வந்த பெயர். கொடைக்கானல் பள்ளிகளில் உறையலாம், எங்கள் ஊரில் அதற்கு வாய்ப்பில்லை.) அதில் இரண்டு பென்சில் முனைகளை நட்டு, மின்கலத்தோடும் சிறு எல்.இ.டி. விளக்கோடும் இணைத்தால் விளக்கு எரியாது. பிறகு நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் மங்கலாக ஒளிரத் தொடங்கும். அமிலத்தின் அடர்வைக் குறைக்கிறோம், அயனிகள் கூடுகின்றன. சாதாரணமாக 0.1 மோலார் அசிட்டிக் அமிலத்தில் நூறில் ஒன்றுக்குச் சற்று மேலாக மட்டுமே மூலக்கூறுகள் அயனியாகியிருக்கும்; அதை 0.001 மோலாராக நீர்த்தால் நூறில் பன்னிரண்டு அளவுக்கு உயரும்.

ஆகவே அமிலத்தின் "வலிமை" என்பதை ஏதோ அதன் பிறவிக் குணம்போல் சொல்வதும் எனக்கு ஒப்புதல் இல்லை. ஹைட்ரோகுளோரிக், நைட்ரிக், பெர்குளோரிக் ஆகிய மூன்றும் நீரில் சமமான வலிய அமிலங்கள். நீர் அவற்றிடமிருந்து புரோட்டானை முழுவதும் வாங்கிவிடுவதால் வேறுபாடு தெரிவதில்லை. நீருக்குப் பதிலாக, புரோட்டானை அவ்வளவு எளிதில் ஏற்காத அசிட்டிக் அமிலத்தைக் கரைப்பானாக்கினால் மூன்றும் தனித்தனியாகிவிடுகின்றன. பெர்குளோரிக் முன்னே போகிறது, மற்ற இரண்டும் பின்தங்குகின்றன. ஹார்வர்டில் கோனன்டும் ஹாலும் இத்தகைய கரைசல்களை ஆராய்ந்து 1927இல் எழுதினார்கள். வாங்குபவரைப் பொறுத்துக் கொடுப்பவரின் தரம் மாறுகிறது.

ஹைட்ரோனியம் என்று எழுதியதோடு அந்த மாணவி விட்டுவிடவில்லை. நான்கு மூலக்கூறுகள் சேர்ந்து பற்றிய புரோட்டானை எப்படி ஒன்றின் கணக்கில் மட்டும் எழுதலாம் என்று கேட்டாள். நடுவில் ஒரு ஹைட்ரோனியமும் சுற்றிலும் மூன்று நீர் மூலக்கூறுகளுமாக ஒரு வடிவத்தை மான்ஃபிரெட் ஐகனும், இரண்டு நீர் மூலக்கூறுகளுக்கு இடையே சமமாகப் பங்கிடப்பட்ட புரோட்டானாக மற்றொரு வடிவத்தைக் கேயார்க் சுண்டலும் முன்வைத்தார்கள் என்றும், நீருக்குள் ஒன்று மற்றொன்றாகக் கணத்திற்குக் கணம் மாறிக்கொண்டே இருக்கிறது என்றும் சொன்னேன். ஒரு நீர் மூலக்கூறிலிருந்து அடுத்ததற்குப் புரோட்டான் கைமாறிக்கொண்டே போவதால்தான், 25 டிகிரி வெப்பநிலையில் சோடியம் அயனியின் மோலார் கடத்துத்திறன் 50 என்றால், அதே அலகில் ஹைட்ரஜன் அயனிக்கு 350 வருகிறது. இப்படிக் கைமாறும் வழியைத் தியோடர் குரோத்துஸ் 1806ஆம் ஆண்டிலேயே ஊகித்திருந்தார். நீரில் எத்தனை ஹைட்ரஜன் அணுக்கள் என்பதே அன்று முடிவாகியிருக்கவில்லை.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "அப்ப பரீட்சையில எதை எழுதறது சார்?" என்றாள். "ஹைட்ரோனியம்னே எழுதும்மா, இடப்பக்கம் தண்ணியை விட்டுடாதே" என்றேன். விடைக்குறிப்பில் இரண்டு விதமாக எழுதினாலும் மதிப்பெண் உண்டு என்பதை அவளிடம் சொல்லவில்லை.